ஷெல் சொல்லும் ‘இல்லை’

1996 ஆகஸ்டு 29 அன்று, மலேசியாவின் பேராக்கில், காம்பாரை அடுத்த போஸ் டிப்பாங்கில், பெருமழையோடு மலையிலிருந்து சேறும் மரங்களும் உருண்டு வந்து ஒரு பூர்வக்குடிக் கிராமத்தை மூடின. 44 பேர் இறந்தார்கள். காம்பாருக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. அங்கே பெய்யும் மழை டிப்பாங் ஆறாகவும் காம்பார் ஆறாகவும் இறங்கி, கிந்தா ஆற்றில் கலந்து, பேராக் ஆற்றோடு சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. இந்த வட்டாரத்தில் ஆற்றின் மட்டம் எவ்வளவு என்ற எண்ணுக்கு உயிரின் மதிப்பு உண்டு.

அந்த எண்ணை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மலேசியாவின் நீர்ப்பாசன வடிகால் துறை, மக்கள் வாயில் ஜேபிஎஸ், நாடெங்கும் உள்ள அளவு நிலையங்களிலிருந்து ஆற்று மட்டங்களை எடுத்து வெளியிடுகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு படிகள்: நார்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). மட்டம் மீட்டரில், தசமப் புள்ளியோடு வரும்.

காம்பாரில், பழைய ஈயக் குட்டைகளுக்கு நடுவே, 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இயங்குகிறது. தகவல் தொழில்நுட்பப் புலமும் அங்கேதான். அங்கு படிக்கும் மாணவி ஒருத்தி இந்த மட்டத்தைக் கண்காணிக்க ஒரு சிறிய ஷெல் நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்துக்கு ஒருமுறை மட்டத்தை எடுக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் வீட்டாரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆறேழு வரிகளில் முடிந்துவிடும். எல்லை 24.5 மீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உண்மையான எல்லை நிலையத்துக்கு நிலையம் மாறும். நிபந்தனை வரி இப்படி இருக்கும்:

(( மட்டம் > 24.5 ))

மாறியின் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன். பாஷ் ஷெல் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துகளையே ஏற்கும் என்பதால் தட்டச்சு செய்யும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறு 24.6 மீட்டருக்கு ஏறுகிறது. செய்தி போகவில்லை. நிரல் நிற்கவும் இல்லை. யாரும் திறந்து பார்க்காத பதிவேட்டில் ஒரு பிழைச்செய்தி விழுகிறது. உடனே நிரல் ‘எல்லையைத் தாண்டவில்லை’ என்ற கிளைக்குள் போய்த் தன் வேலையைத் தொடர்கிறது. பாஷுக்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். 24.6 என்பதில் உள்ள புள்ளியைக் கண்டதும் அதன் கணக்கு முறிந்துபோகிறது. முறிந்த கணக்கை அது ‘தெரியாது’ என்று வைத்துக்கொள்வதில்லை, ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. ஷெல்லில் கணக்கோடு நிபந்தனை எழுதும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மற்ற இலக்கண விதிகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? ஷெல்லின் ‘இஃப்’ எண்களைப் பார்ப்பதே இல்லை. அது ஒரு கட்டளையை ஓடவிடுகிறது. கட்டளை முடியும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அதற்கு வெளியேறு நிலை என்று பெயர். அது 0 என்றால் ஆம். மற்ற 255 எண்களும் இல்லை. வேலை நன்றாக முடிவது ஒரே விதம், கெடுவது பல விதம் என்பதால் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் 0-ஐ வெற்றிக்கும் மீதி எண்களைத் தோல்வியின் வகைகளுக்கும் ஒதுக்கினார்கள். ஒரு கோப்பை நகலெடுக்கும் கட்டளைக்கு இந்த ஏற்பாடு மிகப் பொருத்தம். ஆனால் ‘ஆறு எல்லையைத் தாண்டியதா?’ என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு: தாண்டியது, தாண்டவில்லை, தெரியவில்லை. ‘இஃப்’ இரண்டு கிளைகளாக மட்டுமே பிரியும். மூன்றாவது பதில் இரண்டாவதற்குள் விழுந்து மறைந்துவிடுகிறது.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. இரட்டை வளைவு அடைப்புக்குள் போடும் கணக்கின் விடை 0 ஆனால் வெளியேறு நிலை 1 ஆகிறது. விடை வேறு எதுவாக இருந்தாலும் நிலை 0. கணக்கில் சுழியம் என்றால் பொய், ஷெல்லில் சுழியம் என்றால் மெய். இரண்டு உலகங்களையும் இணைக்க அடைப்புக்குறி விடையைத் தலைகீழாக்கித் தருகிறது. ‘பிழை வந்தால் உடனே நில்’ என்ற அமைப்போடு எழுதிய நிரலில், 0-இல் தொடங்கும் எண்ணியை முதல் முறை ++ போட்டு ஏற்றும் வரியிலேயே நிரல் செத்துப்போவதற்கு இதுவே காரணம். ++ பின்னால் வரும்போது அந்தக் கோவையின் விடை பழைய மதிப்பான 0, எனவே நிலை 1, எனவே ‘பிழை’.

ஷெல்லுக்குக் கணக்கு தாமதமாக வந்த கலை. 1971-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் எழுதிய முதல் யூனிக்ஸ் ஷெல் கூட்டல்கூடச் செய்யாது. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீவன் போர்னின் ஷெல், இரண்டையும் மூன்றையும் கூட்ட ‘எக்ஸ்பர்’ என்ற தனி நிரலைக் கூப்பிட்டது. 1980களில் டேவிட் கார்னின் ஷெல் கணக்கை உள்ளே கொண்டுவந்தது. பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989-இல் வெளிவந்தது. 1992-இன் போசிக்ஸ் தரம் $(( )) என்ற வடிவத்தை எல்லா ஷெல்களுக்கும் பொதுவாக்கியது. ஒவ்வொரு காலமும் தன் அடைப்புக்குறியை விட்டுப்போனது. பழையது எதுவும் நீக்கப்படவில்லை. அதனால் இன்று ஒரே கேள்வியை மூன்று வகை அடைப்புகளுக்குள் எழுதலாம், மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

ஒற்றைச் சதுர அடைப்பைப் பாருங்கள்:

[ 10 > 9 ]

பார்த்தால் கணக்கு. ஷெல்லுக்கோ அது கணக்கே இல்லை. இடப்பக்க அடைப்புக்குறி ஒரு கட்டளையின் பெயர். லினக்ஸ் கணினியின் கட்டளை அடைவில் அந்தக் குறியையே பெயராகக் கொண்ட ஒரு நிரல்கூட இருக்கும். > என்ற குறியை ஷெல் ‘வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பு’ என்று படிக்கிறது. விளைவாக 9 என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாகும். அடைப்புக்குள் மிஞ்சுவது 10 மட்டும். அது வெற்றுச் சொல் இல்லை, ஆகவே பதில் ஆம். [ 1 > 9 ] என்று கேட்டாலும் ஆம்தான். ஆற்றுக்கு இப்படி எழுதினால் வறண்ட பங்குனியிலும் வெள்ள எச்சரிக்கை வரும், அடைவில் 24.5 என்ற அனாதைக் கோப்பு கிடக்கும். எண்களை ஒப்பிட இந்த அடைப்புக்குள் கழித்தல் குறியும் ஆங்கில ஜி, டி எழுத்துகளும் சேர்ந்த குறியைப் போட வேண்டும். சிறியதா என்று கேட்க எல், டி.

இரட்டைச் சதுர அடைப்பு இன்னும் நயமாக ஏமாற்றும். அதற்குள் > போட்டால் கோப்பு உருவாகாது. ஒப்பீடு நடக்கும், ஆனால் அகராதி வரிசையில். [[ 9.85 > 24.5 ]] என்றால் ஆம் என்று வரும், ஏனென்றால் முதல் எழுத்தான 9 முதல் எழுத்தான 2-க்குப் பின்னால் வருகிறது. இரு பக்கமும் புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை இதன் பதில் சரியாகவே இருக்கும். 24.6-ஐயும் 24.5-ஐயும் கொடுத்தால் புள்ளியைப் பற்றிய கவலையே இல்லாமல் சரியான விடையைத் தந்துவிடும். அதனால் சோதனையில் இந்தத் தவறு பிடிபடுவதில்லை. மட்டம் 9.85-க்கு இறங்கும் நாளில்தான் வெளிப்படும்.

முழு எண் மட்டும் தெரிந்த கணக்கு எங்கே யாரைப் பாதிக்கும் என்பதைப் பேராக் தோட்டத்து ஸ்டோரில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். காலையில் பால்மரம் வெட்டி முடித்து, வாளிகளில் பாலைச் சுமந்து வந்து நிறுக்கும் இடம் அது. கணக்கெழுதும் கிராணி பாலை அளப்பார். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மாதிரிக்குள் இறக்கி அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்று படிப்பார். பாலின் எடையை அந்த விழுக்காட்டால் பெருக்கினால் உலர் எடை. குறித்த அளவுவரை அடிப்படைக் கூலி, அதற்கு மேல் எடைக்கேற்ற கூடுதல், ரப்பர் விலை ஏறினால் விலைப்படி. இப்படி நிபந்தனைக்குள் நிபந்தனையாகத்தான் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் அமைந்திருந்தது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் உருவான பிறகு முதலாளிமார் சங்கத்தோடு பேசிப் பேசி மாற்றிய ஒப்பந்தங்களில் பல இந்த எல்லைக்கோடுகளைப் பற்றியவைதான்.

அந்தக் கணக்கை ஷெல்லிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பால் 18 கிலோ, ரப்பர் 33 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். $(( 33 / 100 * 18 )) என்று எழுதினால் விடை 0. முதலில் 33-ஐ 100-ஆல் வகுக்கும், பின்னம் உதிர்ந்து 0 ஆகும், அதைப் பதினெட்டால் பெருக்கும். ஒரு காலைப்பொழுதின் உழைப்பு முழுவதும் காணாமல் போய்விட்டது. வரிசையை மாற்றி $(( 18 * 33 / 100 )) என்றால் 5 வரும். உண்மை விடை 5.94. கூடுதல் கூலிக்கான எல்லை ஐந்தரைக் கிலோ என்றால் இப்போதும் தொழிலாளிக்கு நட்டம். கிராமில் போடுங்கள்: $(( 18000 * 33 / 100 )) என்றால் 5940. எல்லை 5500. நிபந்தனை மெய்யாகிறது, கூடுதல் கிடைக்கிறது. புள்ளி வேண்டாத அளவுக்குச் சிறிய அலகை எடு, முதலில் பெருக்கு, கடைசியில் வகு. ஷெல்லில் பின்னங்களைச் சமாளிக்க இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது. ஆற்று மட்டத்தையும் அப்படியே சென்டிமீட்டரில் வைக்க வேண்டும். ஆனால் கிராணிக்கும் ஷெல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கருவியில் எண் தெளிவாகத் தெரியாவிட்டால் மனிதர் இன்னொரு முறை இறக்கிப் பார்ப்பார். ஷெல் இன்னொரு முறை பார்க்காது.

மீட்டரைச் சென்டிமீட்டராக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. புள்ளியை அழித்துவிட்டால் போதும் என்று தோன்றும். 24.65 என்பது 2465 ஆகும், சரி. 24.6 என்பது 246 ஆகும். ஆறு பத்தில் ஒரு பங்காக வற்றிவிட்டது. இந்த மாற்றத்தை 1977-இல் ஆல்ஃபிரட் ஆஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் எழுதிய ‘ஆக்’ மொழியிடம் விடுவது நல்லது. அதற்குத் தசமம் தெரியும். நூறால் பெருக்கியதும் 0.5 கூட்டி, பிறகு முழு எண்ணாக்கச் சொல்லுங்கள். கணினியின் இரும எண்களில் 4.35-ஐ நூறால் பெருக்கினால் 435-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். கூட்டாமல் வெட்டினால் 434 ஆகிவிடும்.

அடுத்தது, மலேசியர்களுக்குத் தனிப் பொருத்தமுள்ள ஒரு பிழை. தேசிய நாள் ஆகஸ்டு 31, மலேசியா தினம் செப்டம்பர் 16. கணினி தேதியைக் கேட்டால் மாதத்தை 08, 09 என்று இரண்டு இலக்கத்தில் தரும். முன்னால் 0 வந்தால் அது எட்டடிமான எண் என்பது சி மொழியின் மரபு. பாஷின் கணக்கும் அதைப் பின்பற்றுகிறது. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. எனவே (( 08 > 6 )) என்று கேட்டால் பிழை, பிழை என்றால் இல்லை. மாதத்தை வைத்து நிபந்தனை எழுதிய நிரல் சனவரியிலிருந்து சூலைவரை ஒழுங்காக ஓடும், இரண்டு தேசிய நாட்களும் வரும் இரண்டு மாதங்களில் மட்டும் தவறும், அக்டோபரில் தானாகக் குணமாகிவிடும். மணியை வைத்து எழுதினால் தினமும் காலை எட்டிலிருந்து பத்துவரை தவறும். 10#08 என்று முன்னால் அடிமானத்தைச் சொல்லிவிட்டால் சரியாகும். ஒற்றைச் சதுர அடைப்பு 08-ஐப் பத்தடிமானமாகவே படிக்கிறது. இரட்டைச் சதுர அடைப்போ பிழை சொல்கிறது. இதைவிடக் கெட்டது, பிழையே வராத நிலை. தொழிலாளர் அட்டை எண் 010 என்றால் பாஷின் கணக்கு அதை 8 என்று எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போகும். ஒருவரின் கணக்கு இன்னொருவர் பெயரில் ஏறும்.

தேதிகளில் இன்னொன்று. தீபகற்ப மலேசியா 1982 சனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் நள்ளிரவு 12 ஆகிவிட்டது. அந்த நாளுக்கு 23½ மணி நேரம்தான், அதாவது 84600 நொடி. இரு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கேட்கும் நிரல்கள் நொடிகளைக் கழித்து 86400-ஆல் வகுக்கும். காம்பார் நேரத்தில் 1981 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவுவரை இப்படிக் கணக்கிட்டால் விடை 0 நாள். ‘குறைந்தது ஒரு நாள் கடந்ததா?’ என்ற நிபந்தனைக்கு இல்லை என்று பதில் வரும். பழைய ஓய்வூதியக் கணக்குகளையோ பிறப்புப் பதிவுகளையோ கையாளும் நிரலுக்கு இது நிஜமான தொல்லை. வகுப்பதற்கு முன் அரை நாளுக்குரிய 43200 நொடியைக் கூட்டிக்கொண்டால் விடை 1 ஆகும்.

இப்போது ஆற்றுக்குத் திரும்புவோம், ஏனென்றால் மிக ஆபத்தான நிலை இன்னும் வரவில்லை. அளவு நிலையம் பழுதாகி, எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வருகிறது. இரட்டை வளைவு அடைப்பில் வெறுமையான மாறி 0 ஆகக் கருதப்படும். பிழைச்செய்திகூட இல்லை. எண்ணுக்குப் பதில் ‘ஆஃப்லைன்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தால்? பாஷ் அதையும் ஒரு மாறியின் பெயர் என்று எண்ணி, அப்படி ஒரு மாறி இல்லாததால், 0 என்று எடுத்துக்கொள்ளும். நீரியல் தரவுகளில் விடுபட்ட அளவுக்கு -9999 என்று எழுதும் பழக்கமும் உண்டு. அது குறையற்ற முழு எண், எல்லா ஷெல்லும் மனமார ஏற்கும். மூன்றிலும் ஆறு வறண்டு கிடப்பதாகவே நிரல் முடிவு செய்கிறது. வெள்ளம் கருவியை அடித்துக்கொண்டு போகும் இரவில்தான் அளவு வராமல் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பல நூல்கள் இரட்டை வளைவு அடைப்பே நவீனமானது, அதையே எங்கும் பயன்படுத்துங்கள் என்கின்றன. வெளியிலிருந்து வரும் தரவுக்கு அந்த அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். ஒற்றை அடைப்பு வெறுமையைக் கண்டாலும் சொல்லைக் கண்டாலும் பிழை என்று கத்துகிறது, வெளியேறு நிலையை 2 ஆக்குகிறது. பொய்க்கு 1, குழப்பத்துக்கு 2. ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது பதிலைக் கேட்க ஷெல்லில் இருக்கும் வாசல் இதுதான். இரட்டை வளைவு அடைப்பு அந்த வாசலை மூடிவிடுகிறது. அதோடு, பாஷ் தன் கணக்குக்குள் வரும் சதுர அடைப்பை அணியின் சுட்டெண்ணாகப் படித்து, அதற்குள் $( ) வடிவில் கட்டளை ஏதும் ஒளிந்திருந்தால் அதையும் ஓடவிடும். வலையிலிருந்து எடுத்த சொல்லைச் சோதிக்காமல் கணக்கில் போடுவது உங்கள் கணினியின் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

ஆகவே கணக்குக்கு முன் ஒரு காவல் வேண்டும். மட்டத்தை எடுத்ததும் அதில் இலக்கங்களும் ஒரு புள்ளியும் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்டிமீட்டராக்கிய பிறகு *[!0-9]* என்ற வடிவத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள், இலக்கம் அல்லாத ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் அது பொருந்தும், கழித்தல் குறி உட்பட. வெறுமையைத் தனியாகச் சோதியுங்கள். பிறகு கேள்வியின் திசையை மாற்றுங்கள். ‘எல்லையைத் தாண்டியதா? ஆம் என்றால் எச்சரி’ என்று எழுதினால் பிழைகள் எல்லாம் அமைதியின் பக்கம் விழும். ‘மட்டம் ஆற்றுப்படுகைக்கு மேலும் எல்லைக்குக் கீழும் இருக்கிறதா? ஆம் என்றால் பேசாமல் இரு. வேறு எதுவானாலும் எச்சரி’ என்று ஒற்றை அடைப்பில் எழுதினால் பிழைகள் எச்சரிக்கையின் பக்கம் விழும். கீழ் எல்லையையும் சேர்த்துக் கேட்பதால் 0 வந்தாலும் -9999 வந்தாலும் நிரல் வாய் திறக்கும். சில இரவுகளில் வீணாக எழுந்திருக்க நேரும். மலையடியில் குடியிருப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதி ஓடவிட்டிருக்கும் ஷெல் நிரல்களில் எண்ணை ஒப்பிடும் வரிகளை இன்றே தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து உள்ளீடுகளைக் கொடுத்துப் பாருங்கள்: வெறுமை, 24.6, 08, -9999, ஆங்கிலச் சொல் ஒன்று. எந்தக் கிளைக்குள் போகிறது என்பதை எழுதிவைத்து, அது பேசாமல் இருக்கும் கிளையாக இருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள்.